தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறியச் சொன்னவருக்கு: ஆம்னி ஹீட் பிரச்சினை

மூணுசிலிண்டர்:
நேற்று மாருதி ஆம்னி வேன் கதவு ரோலர் பற்றிப் பேசிக்கொண்டிருந்த இழையில் ஸ்பேனர்மாமா போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். "ஆம்னி ஹீட் ஆனால் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றித் தூர எறி, அது ஜப்பான் பனிக்குச் செய்தது, நம்ம ஊர் வெயிலுக்கு எதற்கு" என்று. அதற்குக் கீழே பதினோரு பேர் கைதட்டல். தெரியாதவர்களுக்கு: எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுத்து, சூடானதும் திறந்துவிடுகிற சின்ன வால்வுதான் அது. கதவுப் பேச்சுக்கு நடுவில் இதை எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள் என்பதால் தனி இழை தொடங்குகிறேன்.

ஆம்னி உற்பத்தி 2019இலேயே நின்றுவிட்டது. இன்றைக்கு ரோட்டில் ஓடுகிற எல்லாம் வயதான வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர், முன் சீட்டைத் தூக்கினால்தான் எஞ்சினே கண்ணில் படும். அந்த எஞ்சினை இன்னும் பத்து வருஷம் ஓட்ட நினைக்கிற ஆட்களுக்கு இப்படி ஒரு யோசனை சொன்னால் எப்படி?

என் வண்டி எம்பிஎஃப்ஐ, அதாவது கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைப் பீய்ச்சுகிற வகை. போன வருஷம் ஒரு பட்டறையில் ஹோஸ் மாற்றக் கொடுத்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வால்வைக் கழற்றிவிட்டு வெறும் மூடியை மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அது தெரிந்ததே நாலாயிரம் கிலோமீட்டர் ஓடின பிறகுதான். லிட்டருக்கு 15 கொடுத்த வண்டி 12க்கு வந்திருந்தது, காலையில் அரை மணி நேரம் ஓட்டியும் சூடு காட்டுகிற முள் அடியிலேயே கிடந்தது. புது வால்வு போட்ட மறு வாரமே சரியானது. ஸ்பேனர்மாமா இதற்குப் பதில் சொல்லட்டும்.

ஸ்பேனர்மாமா:
தம்பி, 22 வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். கார்புரேட்டர் ஆம்னி, எல்பிஜி ஆம்னி, எட்டு சீட்டு, அஞ்சு சீட்டு, எல்லாம் என் கையில் பிரிந்து கூடியிருக்கிறது. வால்வு மூடினபடியே மாட்டிக்கொண்டு நின்றால் என்ன ஆகும் தெரியுமா? பத்து நிமிஷத்தில் தண்ணீர் கொதித்து, அலுமினிய ஹெட் வளைந்து, கேஸ்கெட் போய், ஆயில் டீ நிறத்தில் வரும். ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பி ஃபேஸிங் போட்டு மாட்டுகிற செலவை யார் தருவார்கள், நீங்களா? வால்வே இல்லாத வண்டிக்கு அந்தப் பயமே கிடையாது. கடையில் கிடைக்கிற வால்வில் பாதி டூப்ளிகேட். அதை நம்பிக் குடும்பத்தோடு மலை ஏறச் சொல்கிறீர்களா?

மைலேஜ் குறைந்ததற்கு வால்வுதான் காரணம் என்று எப்படித் தெரியும்? ஏர் ஃபில்டர் பார்த்தீர்களா, பிளக் பார்த்தீர்களா?

எட்டுசீட்டு:
இருவரும் சண்டை போடுவதற்கு முன்னால் ஒரு சந்தேகம். ஹீட் ஆகிறது என்று எதைச் சொல்கிறீர்கள்? முள் சிவப்புக்குப் போவதையா, ரேடியேட்டர் பொங்குவதையா, இல்லை சீட்டுக்கு அடியில் சுடுவதையா? என் வண்டியில் முள் நடுவில்தான் நிற்கிறது, ஆனால் டிரைவர் சீட்டில் ஒரு மணி நேரம் உட்கார முடியவில்லை.

மூணுசிலிண்டர்:
பிளக்கும் பார்த்தேன், ஃபில்டரும் மாற்றினேன். இரண்டும் சரியாக இருந்த பிறகுதான் வால்வு ஹவுசிங்கைத் திறந்தேன், உள்ளே காலி.

ஜப்பான் பனி என்று சொல்கிறீர்களே, என் பழைய வால்வில் 82 என்று எண் பொறித்திருக்கிறது. எஞ்சினுக்குள் தண்ணீர் 82 டிகிரி வரும்போது உள்ளே இருக்கிற மெழுகு விரிந்து வால்வைத் திறக்கும் என்று அர்த்தம். கரூர் வெயில் உச்சத்தில் 42 டிகிரி என்றே வையுங்கள், அப்போதும் எஞ்சினுக்கு இன்னும் 40 டிகிரி சூடு வேண்டும். ஊர் வெயில் எஞ்சினைச் சூடாக்கித் தந்துவிடுமா? எம்பிஎஃப்ஐ வண்டியில் தண்ணீர் சூட்டைப் பார்க்கிற சென்ஸார் இருக்கிறது. தண்ணீர் சூடாகவில்லை என்றால் எஞ்சின் இன்னும் குளிர்ந்து கிடக்கிறது என்று நினைத்து ஈசிஎம் என்கிற எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகமாக ஊற்றும். அந்தப் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயிலைக் கழுவும். ஆயிலும் சூடாகாததால் அதில் சேர்கிற ஈரம் ஆவியாகாது, ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் வெண்ணெய் மாதிரி ஒட்டியிருக்கும். இது 22 வருஷத்தில் உங்கள் கண்ணில் படவே இல்லையா?

அப்புறம், வால்வு மூடினபடியே மாட்டிக்கொள்ளும் என்ற பயம். குக்கர் விசில் அடைத்துக்கொள்ளுமே என்று விசிலைக் கழற்றி வைத்துவிட்டா வீட்டில் சமைக்கிறார்கள்? சுத்தம் பண்ணுவார்கள், கெட்டுப்போனால் புதுசு வாங்குவார்கள். வால்வும் அப்படித்தான்.

கோவைப்பக்கம்:
மூணுசிலிண்டர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. வால்வு இல்லை என்றால் தண்ணீர் ரொம்ப வேகமாகச் சுற்றும், ரேடியேட்டரில் நின்று சூட்டை விட நேரமே இருக்காது. அதனால்தான் கழற்றின வண்டி இன்னும் அதிகமாக ஹீட் ஆகிறது.

மூணுசிலிண்டர்:
ஆதரவுக்கு நன்றி, ஆனால் நீங்கள் சொன்ன காரணம் தப்பு. மூடிய சுற்றில் தண்ணீர் வேகமாக ஓடினால் சூடு குறைவாகப் போகாது, எஞ்சினிலும் அதே தண்ணீர்தானே அடிக்கடி வந்து போகிறது. நான் சொல்வது வேறு: எஞ்சினுக்கு வேண்டிய சூடு கிடைக்காது. இதையும் அதையும் குழப்பினால் ஸ்பேனர்மாமாவுக்குத்தான் லாபம்.

கோவைப்பக்கம்:
நானும் ஒரு பாலிடெக்னிக் முடித்தவன்தான். உங்களுக்குத் துணையாகப் பேச வந்தவனையே திருத்துகிறீர்கள். உங்களோடு பேசுவதற்கு மாமாவோடு பேசலாம் போலிருக்கிறது.

ஸ்பேனர்மாமா:
வாங்க கோவை. இவர் இப்படித்தான், போன மாசம் கதவு ரோலருக்கு கிரீஸ் வைக்காதே என்று எனக்கே பாடம் எடுத்தவர். கதவு ஓடுகிற தண்டவாளத்தில் மெழுகுவர்த்தி தேய்க்கணுமாம். ஓடுகிற ரோலருக்கு கிரீஸ் வைக்காமல் வேறு எதற்கு வைப்பது?

எட்டுசீட்டு:
என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஆனால் கதவு பற்றிப் பேசுவதால் சொல்கிறேன், மாமா பேச்சைக் கேட்டு நடுத் தண்டவாளத்தில் கிரீஸ் பூசினேன். மூன்றே வாரத்தில் மண்ணும் கிரீஸும் சேர்ந்து கறுப்புப் பசை ஆகிவிட்டது. கதவு பாதியில் நிற்கிறது, மாமியாரால் இழுத்து மூட முடியவில்லை.

ஸ்பேனர்மாமா:
ரோலர் தேய்ந்திருக்கும். தேய்ந்த ரோலரை மாற்றாமல் கிரீஸ் மேல் பழி போடக்கூடாது. கதவைத் திறந்து பின் முனையைக் கையால் மேலே தூக்கிப் பாருங்கள், ஆடினால் ரோலர் காலி.

மூணுசிலிண்டர்:
பார்த்தீர்களா, அங்கே கெட்ட ரோலரை மாற்றச் சொல்கிறார். ரோலரே வேண்டாம், கழற்றி எறி என்று சொல்லவில்லை. வால்வுக்கு மட்டும் ஏன் அந்த நியாயம் இல்லை? இதற்குப் பதில் வேண்டும்.

காட்ரோடு:
நான் பூம்பாறைப் பக்கமிருந்து பூண்டு மூட்டை ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டுக்கு வாரம் மூன்று நடை ஓட்டுகிறேன், எல்பிஜி ஆம்னி. வால்வு இல்லாமல் ஒரு மார்கழி முழுக்க ஓட்டியிருக்கிறேன். விடிகாலை நாலு மணிக்கு மேலிருந்து இறக்கத்தில் வரும்போது எஞ்சினுக்கு வேலையே இல்லை, தண்ணீர் பச்சைத் தண்ணீராகவே இருக்கும். கேஸின் அழுத்தத்தைக் குறைத்து எஞ்சினுக்கு அனுப்புகிற ரெட்யூசருக்குச் சூடு கொடுப்பது அந்தத் தண்ணீர்தான். அது சூடாகாததால் ரெட்யூசர் மேல் வெள்ளையாகப் பனி பிடித்துவிட்டது. விரல் வைத்தால் ஒட்டுகிறது. டம் டம் பாறை வளைவில் வண்டி திக்கித் திக்கி நின்றது. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஃபிளாஸ்க்கில் இருந்த வெந்நீரை அதன் மேல் ஊற்றித்தான் கிளப்பினேன். வால்வு மாட்டின பிறகு இந்தத் தொல்லை ஒருநாள்கூட வரவில்லை.

ஸ்பேனர்மாமா:
அது கேஸ் வண்டி. கேஸ் வண்டிக் கதை வேறு. நான் பெட்ரோல் வண்டியைச் சொன்னேன்.

மூணுசிலிண்டர்:
"ஆம்னி ஹீட் ஆனால்" என்றுதான் எழுதினீர்கள். பெட்ரோல் ஆம்னி என்று எழுதவில்லை. எல்லாரும் மேலே போய்ப் படிக்கலாம்.

ஸ்பேனர்மாமா:
தம்பி, வார்த்தையைப் பிடித்துத் தொங்காதீர்கள். ஏறும்போது என்ன ஆகிறது என்று காட்ரோடு தம்பியைக் கேளுங்கள். எட்டு பேரை ஏற்றிக்கொண்டு இரண்டாவது கியரிலேயே கொடைக்கானல் வரைக்கும் போகிற வண்டிக்கு எவ்வளவு தண்ணீர் சுற்றினாலும் பத்தாது. வழியில் அடைப்பான் மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மூணுசிலிண்டர்:
முதலில் என்னைத் தம்பி என்று கூப்பிடாதீர்கள், எனக்கு 51 வயது. இரண்டாவது, நல்ல வால்வு அடைப்பான் இல்லை, சூடு ஏறினால் முழுசாகத் திறந்து நிற்கும்.

மலையில் ஹீட் ஆவதற்கு உண்மையான காரணங்களைச் சொல்கிறேன், யாரும் இதைப் பேசவே இல்லை. பத்து வருஷமாக ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றுகிறோம். அதில் இருக்கிற உப்பு ரேடியேட்டர் டியூபுக்குள் வெள்ளையாகப் படிந்து பாதி வழியை அடைத்துவிடும். ரேடியேட்டர் கடையில் டேங்கைப் பிரித்து ராடு விட்டுச் சுத்தம் பண்ணும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், சுண்ணாம்பு கட்டி கட்டியாக விழும். அடுத்தது ரேடியேட்டர் மூடி. அதன் ரப்பர் வெடித்துப் போயிருந்தால் அழுத்தம் நிற்காது. 0.9 பார் அழுத்தம் நிற்கிற மூடி என்றால் தண்ணீர் கொதிக்க ஏறக்குறைய 118 டிகிரி ஆகும். அந்த அழுத்தம் இல்லாமல் ஏறக்குறைய 2100 மீட்டர் உயரத்தில் இருக்கிற கொடைக்கானலில் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சில நூறு ரூபாய் மூடியை மாற்றாமல் நல்ல வால்வைக் கழற்றுகிறார்கள். வாட்டர் பம்ப் இலை துருப்பிடித்துத் தேய்ந்திருக்கும், ஃபேன் சரியாகச் சுற்றாது, தண்ணீர் மாற்றினபோது காற்று உள்ளே மாட்டியிருக்கும். இத்தனையும் பார்க்காமல் பழி வால்வு மேல்.

கோவைப்பக்கம்:
வெறும் தண்ணீர் ஊற்றினால் தப்பா? அப்பா அம்பாஸடரில் வாழ்நாள் முழுக்கச் சிறுவாணித் தண்ணீர்தான் ஊற்றினார். ஒன்றும் ஆகவில்லை.

காட்ரோடு:
சிறுவாணித் தண்ணீருக்கும் எங்கள் ஊர் போர் தண்ணீருக்கும் வித்தியாசம் இல்லையா? எங்கள் ஊரில் டீக்கடைப் பாய்லரையே வருஷத்துக்கு ஒருமுறை உடைத்துச் சுரண்டுகிறார்கள்.

கோவைப்பக்கம்:
அதைத்தான் சொல்கிறேன், எங்கள் ஊர்த் தண்ணீர் வேறு.

காட்ரோடு:
ஊர்ப் பெருமை பேச இது இடமா?

ஸ்பேனர்மாமா:
51 வயது என்றால் சொல்லியிருக்கலாம், மரியாதை தந்திருப்பேன். ஆனால் வயதுக்கும் வண்டிக்கும் சம்பந்தம் இல்லை. நான் கழற்றிக் கொடுத்த ஒரு கார்புரேட்டர் ஆம்னி இன்னமும் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்குச் சாப்பாடு ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. ஹெட்டைத் தொட்டதே இல்லை. கண்ணால் பார்த்ததை நம்புவேன், படித்ததை நம்பமாட்டேன்.

மூணுசிலிண்டர்:
கண்ணால் பார்த்ததா, சரி, நானும் கண்ணால் பார்த்ததையே சொல்கிறேன். கழற்றி எறிவதற்கு முன்னால் வால்வு கெட்டிருக்கிறதா என்று சோதிக்க வழி இருக்கிறது, பட்டறையே வேண்டாம். வால்வை லேசாகத் திறந்து அந்த இடுக்கில் ஒரு தையல் நூலைக் கொடுத்து விட்டுவிட்டால் அது நூலைக் கவ்விக்கொள்ளும். பால் காய்ச்சுகிற சட்டியில் தண்ணீர் வைத்து, சட்டி அடியில் படாமல் நூலில் தொங்கவிட்டு, பக்கத்திலேயே தெர்மாமீட்டரைப் பிடிக்க வேண்டும். அடுப்பைச் சிறு தீயில் வைத்தேன். 70இல் ஒன்றுமில்லை. 80இல் ஒன்றுமில்லை. 83 வந்ததும் நூலை விட்டுவிட்டு டொக்கென்று சட்டியில் விழுந்தது. கரண்டியால் எடுத்துப் பார்த்தால் நடுத் தட்டு ஒரு விரல் நகம் உள்ளே போகிற அளவுக்குத் திறந்திருந்தது. வெளியே வைத்தால் கண்ணெதிரே மெல்ல மூடிக்கொண்டது. தண்ணீர் கொதித்தும் திறக்கவில்லை என்றால் குப்பையில் போடுங்கள், நானே சொல்கிறேன். அப்படிச் சோதித்துவிட்டுக் கழற்றினீர்களா, சோதிக்காமல் கழற்றினீர்களா? இந்த ஒரு கேள்விதான்.

ஸ்பேனர்மாமா:
ஒரு நாளைக்கு ஆறு வண்டி வருகிறது. ஒவ்வொன்றுக்கும் பால் சட்டி வைத்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தால் கடையை நான் எப்போது பூட்டுவது?

மூணுசிலிண்டர்:
ஆக, சோதிக்கவில்லை.

ஸ்பேனர்மாமா:
சோதிக்க வேண்டிய அவசியம் இல்லை என்கிறேன். இரண்டும் வேறு வேறு.

எட்டுசீட்டு:
முள் நடுவில் நிற்கிறது, சீட்டுதான் சுடுகிறது என்று மறுபடியும் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேரோடு கொடைக்கானல் போகிறோம்.

கோவைப்பக்கம்:
சீட்டுக்கு அடியில் எஞ்சின் மூடியைச் சுற்றியிருக்கிற ரப்பர் பீடிங்கும், மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிற மெத்தையும் இருக்கிறதா பாருங்கள். அநேகமாகக் கிழிந்து போயிருக்கும்.

ஸ்பேனர்மாமா:
பீடிங் போடுங்கள், கூடவே வால்வையும் கழற்றிவிடுங்கள், நிம்மதியாகப் போய் வரலாம்.

மூணுசிலிண்டர்:
முள் நடுவில் நிற்கிறது என்று அந்த மனுஷர் இரண்டு தடவை எழுதிவிட்டார். நடுவில் நிற்கிறது என்றால் வால்வு வேலை செய்கிறது என்று அர்த்தம். வேலை செய்கிற வால்வைக் கழற்றச் சொல்கிறீர்கள், மாமா. எட்டுசீட்டு, கழற்றாதீர்கள். ரேடியேட்டர் மூடி ரப்பரைப் பாருங்கள், ஃபேன் ஓடுகிறதா பாருங்கள், காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் ரேடியேட்டரைத் திறந்து தண்ணீர் அளவைப் பாருங்கள்.

ஸ்பேனர்மாமா:
போய் வந்து எழுதட்டும். 22 வருஷம் பார்த்தவன் சொல்கிறேன், வால்வு வேண்டாம்.

மூணுசிலிண்டர்:
82 டிகிரி. இன்னும் பதில் வரவில்லை.