மறு: ‘ஃபிளிப்டு கிளாஸ்ரூம்’ – தலைகீழும் வேண்டாம், புரட்டலும் வேண்டாம்

அன்புள்ள குழுவினருக்கு,

‘ஃபிளிப்டு கிளாஸ்ரூம்’ என்பதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற இழை நீண்டுவிட்டது. பாடத்தை வீட்டிலேயே காணொளியில் கேட்டுவிட்டு வந்து, வகுப்பு நேரத்தைப் பயிற்சிக்கும் விவாதத்துக்கும் கொடுக்கும் முறை அது. எல்லா மடலையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் சித்தூரில் தமிழ் எடுப்பவன். குப்பத்து ஐயா எழுதிய ஆந்திரச் சித்தூர் வேறு, இது பாலக்காட்டுச் சித்தூர். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலிருந்து வரும் தமிழ்வழிப் பிள்ளைகளும், பள்ளியில் மலையாளம் மட்டுமே படித்துவிட்டுத் தமிழைக் காதால் மட்டும் அறிந்த பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காரும் வகுப்பு. கலைச்சொல் இரண்டு தரப்புக்கும் விளங்கியாக வேண்டும் என்பது என் கவலை.

> ‘தலைகீழ் வகுப்பறை’ ஏற்கெனவே புழங்குகிறது. அதை ஏன் மாற்ற வேண்டும்?

புழங்குகிறது, சரி. ஆனால் ‘அவனுக்குத் திருக்குறள் தலைகீழ்ப் பாடம்’ என்றால் நம் ஊரில் என்ன பொருள்? நெட்டுருப் போட்டு வைத்திருக்கிறான் என்று பொருள். எந்த மனப்பாடத்திலிருந்து வெளியே வரத்தான் இந்த முறையோ, அதே மனப்பாடத்தின் பெயரை அதற்கு வைக்கிறோம். அப்புறம் ‘எல்லாம் தலைகீழாகப் போச்சு’ என்ற பேச்சும் இருக்கிறது. துறைக்கூட்டத்தில் இந்தப் பெயரைச் சொல்லிவிட்டுப் பாடத்திட்டத்துக்கு ஒப்புதல் வாங்குவது எளிதில்லை.

> ‘புரட்டிய வகுப்பறை’ என்றால்?

புரட்டு என்றால் பொய், பித்தலாட்டம். ‘கவிழ்த்த வகுப்பறை’ என்று சொன்னவர் கிண்டலுக்குச் சொன்னார் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இந்த மூன்று சொல்லிலும் ஒரே கோளாறு. ‘ஃபிளிப்’ (புரட்டு) என்ற ஆங்கில வினையையே பிடித்துத் தொங்குகின்றன. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஜோனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் ஆசிரியர்கள், 2007 வாக்கில், வகுப்புக்கு வர முடியாத மாணவர்களுக்காகப் பாடத்தைப் பதிவுசெய்து இணையத்தில் போட்டார்கள். முறை பரவியது அவர்களால்தான். ஆனால் 2000ஆம் ஆண்டிலேயே ஒஹையோவில் பொருளியல் பேராசிரியர்கள் இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். ஹார்வர்டில் எரிக் மசூர் 1990களிலேயே இயற்பியல் வகுப்பில் விரிவுரையைக் குறைத்து, கேள்வி போட்டு, பக்கத்தில் இருப்பவரோடு வாதாடவிட்டு, மறுபடி விடை கேட்டார். விரிவுரையே வழக்கமான இடத்தில்தான் ‘புரட்டிவிட்டோம்’ என்பது செய்தி. நாளைக்கு எல்லோரும் இப்படியே நடத்தினால் எதைப் புரட்டினோம் என்று யாருக்கும் தெரியாது. வேலை எது என்பதைச் சொல்லும் பெயர்தான் நிற்கும்.

அந்த வேலையை நம் ஆட்கள் முன்பே பிரித்து வைத்திருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டு நன்னூலின் பொதுப்பாயிரம்: ஆசான் சொன்னதை முழுக்க வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குக் கால் பங்குதான் சேரும், உடன் படிப்பவரோடு பயில்வதில் ஒரு கால், பிறருக்கு எடுத்துச் சொல்வதில் மீதி அரை. உடன் படிப்பவரோடு பயிலும் அந்தக் கால் பங்குக்கு நூலாசிரியர் பவணந்தி வைத்த சொல் ‘பயில்வகை’. கேட்பது கால் பங்கு என்றால் அந்தக் கால் பங்கை வீட்டில் முடித்துக்கொண்டு, மற்ற முக்காலுக்கு வகுப்பு நேரத்தைக் கொடுப்பதுதான் நாம் பெயர் தேடும் முறை. ‘பழந்தமிழரே கண்டுபிடித்துவிட்டார்கள்’ என்று கிளம்பிவிடாதீர்கள். சொல் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

> ‘முன்கேட்பு வகுப்பு’ என்று வைக்கலாமே?

மனதுக்கு நெருங்கிய சொல். பாடம் கேட்பது என்பது நம் வழக்கு. காணொளியாக இருந்தாலும் ‘கேட்டேன்’ என்று சொல்லலாம். மலையாளப் பிள்ளைகளுக்கும் ‘முன்’, ‘கேள்’ இரண்டும் சொந்தச் சொற்கள். ஆனால் ‘கேட்பு’ வங்கிக்குப் போய்விட்டது. கேட்பு வரைவோலை, கேட்புத் தொகை என்றெல்லாம் ஆனபிறகு ‘முன்கேட்பு’ என்றால் முன்கூட்டிப் பணம் கேட்பதுபோல இருக்கிறது, அதுவும் கட்டண ரசீது வரும் கல்லூரித் தளத்திலேயே.

அதனால் இரண்டு சொல் வைக்கலாம் என்பது என் கருத்து. வீட்டில் கேட்டுவிட்டு வருவது முன்பாடம். வகுப்பில் சேர்ந்து செய்வது பயில்வகுப்பு. இரண்டும் சேர்ந்தது முன்பாட முறை. ‘முன்பாடம் கேட்டுட்டு வா’ என்று வாயில் தானாக வருகிறது. ‘பயில்’ மலையாளத்தவருக்குப் புரியாது என்று ஒரு மடலில் கண்டேன். களரிப்பயற்றில் இருப்பது அதே வேர்தானே? பயற்று என்றால் செய்து செய்து பழகுவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

குறை இல்லாமல் இல்லை. ‘முன்பாடம்’ போன பாடத்தைக் குறிக்குமே என்பீர்கள். பேச்சில் அதை ‘போன பாடம்’ என்கிறோம், எழுத்தில் ‘முந்தைய பாடம்’ என்கிறோம். குழப்பம் வந்தால் ஒரு வாரம் வரும், அப்புறம் பழகிவிடும்.

> பெயரை விடுங்கள். பிள்ளைகள் காணொளியைப் பார்க்கிறார்களா?

நியாயமான கேள்வி. முழு விரிவுரையைப் படம்பிடித்து மூடில் என்ற இணையப் பாடத்தளத்தில் ஏற்றினால் பார்க்க மாட்டார்கள். யாப்பில் அலகிடுதலை, அதாவது செய்யுளைச் சீரும் அசையுமாகப் பிரித்து வாய்பாடு சொல்வதை, நான் இப்படி வைத்திருக்கிறேன்: நேர், நிரை, தேமா, புளிமா வரைக்கும் பத்து நிமிடத்துக்குள் ஒரு பதிவு. டேட்டா தீர்ந்தவர்களுக்கு அதே பாடம் ஒலிக்கோப்பாகவும் இரண்டு பக்கக் குறிப்பாகவும் இருக்கும். கீழே மூன்று கேள்விகள், வகுப்புக்கு முந்தின இரவோடு மூடிவிடும். காலையில் தவறான விடைகளை ஒரு பார்வை பார்த்தால் எங்கே இடறுகிறார்கள் என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் குறளின் ஈற்றுச்சீரில்தான். அதன் வாய்பாடு நாளா மலரா, காசா பிறப்பா என்று. அன்றைய பயில்வகுப்பு முழுக்க அதற்கே. இருவர் இருவராக உட்கார்ந்து குறளைப் பிரிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், ஒருவர் பலகையில் வந்து விளக்குகிறார். விரிவுரை நடத்திய காலத்தில் இந்தக் கடைசிச் சீருக்கு வரும்போது மணி அடித்துவிடும்.

பார்க்காமல் வருபவர்களும் உண்டு. அவர்களைப் பின்பெஞ்சில் உட்கார்ந்து முதலில் கேட்டு முடிக்கச் சொல்கிறேன். அவர்களுக்காக மறுபடி நான் விரிவுரை நடத்தினால் அடுத்த வாரம் ஒருவரும் கேட்டுவிட்டு வரமாட்டார்கள்.

நேர்வகுப்பையும் இணையவழியையும் சேர்த்து நடத்தும் ‘பிளெண்டட்’ முறை பற்றி ஒரு வரி: ‘கலப்புக் கற்றல்’ என்றால் கலப்படம் நினைவுக்கு வருகிறது. ‘கலவைக் கற்றல்’ தேவலாம். 2021இல் பல்கலைக்கழக மானியக் குழு கருத்துக்குறிப்பு வெளியிட்டதிலிருந்து எல்லாக் கல்லூரிச் சுற்றறிக்கையிலும் அந்தச் சொல் ஆங்கிலமாகவே கிடக்கிறது. அதற்குத் தனி இழை திறக்கலாம்.

பாக்கி ஒன்றுதான். முற்பகல், முற்பணம் போல ‘முற்பாடம்’ என்று வரவேண்டும் என்று இலக்கணம் பார்ப்பவர்கள் சொல்வார்கள். முன்பணம், முன்பக்கம் என்றும் எழுதத்தானே செய்கிறோம்? எனக்கு ‘முன்பாடம்’ போதும், ‘முன்’ கண்ணில் படுகிறது. மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்களன்று அடுத்த அலகின் பக்கத்தை மூடிலில் திறக்க வேண்டும், தலைப்பை நடுவில் மாற்றினால் பிள்ளைகள் தேடித் திண்டாடுவார்கள். குப்பத்து ஐயா, தெலுங்கில் என்ன சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து