சித்தம்பூண்டி கருப்புக் கல்லு: ஹார்ன்பிளெண்டை நேர்ல பார்த்தவங்க உங்க அனுபவத்தை எழுதுங்க

பரமத்தி கல்லுக்காரன்:

சந்திரயான்-2க்கு மண்ணு எடுத்த ஊருன்னு நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிய இப்ப எல்லாருக்கும் தெரியும், கூடவே குன்னமலையும். லேண்டரை இறக்கிப் பார்க்க நிலாத் தரை மாதிரி ஒண்ணு வேணும்னு இஸ்ரோ இங்க இருந்து அனார்தோசைட்ங்கற வெள்ளைக் கல்லை டன் கணக்குல எடுத்து அரைச்சாங்க, எங்க பக்கத்து ஊருங்கறதால எனக்கு ரொம்பவே பெருமை. ஆனா அதுக்கப்புறம் அங்க வர்றவங்க எல்லாம் வெள்ளைக் கல்லை மட்டும் போட்டோ எடுத்துட்டுப் போயிடறாங்க. அதுக்குள்ள இருக்கற கருப்பை யாரும் கண்டுக்கறதே இல்ல, அதான் இதை ஆரம்பிக்கறேன்.

அந்தக் கருப்புதான் ஹார்ன்பிளெண்ட். ஆம்பிபோல்ங்கற கனிமக் குடும்பத்துல நாம அதிகமா பார்க்கக்கூடியது இதுதான். கடலைக்காட்டு வரப்புல உழவுக்கு இடைஞ்சல்னு பொறுக்கிக் குவிச்ச கல்லுங்க கிடக்கும், அதுல புதுசா உடைஞ்ச ஒண்ண எடுத்து வெயில்ல லேசா சாய்ச்சுத் திருப்பிப் பாருங்க. ஃபெல்ஸ்பார்ங்கற வெள்ளைக் கனிமம் சர்க்கரைக் கட்டி மாதிரி பொறுபொறுன்னு இருக்கும், நடுவுல கரும்பச்சையா கட்டை கட்டையா இருக்கறது ஒரு கோணத்துல வந்ததும் பளிச்சுனு மின்னிட்டு உடனே இருண்டுடும். லென்ஸ் வச்சா அது ரெண்டு பக்கமா பிளந்திருக்கறது தெரியும், அந்த ரெண்டு பிளவும் சாய்வா வெட்டிக்கும், ஒரு பக்கம் 56 டிகிரி இன்னொரு பக்கம் 124. அதுவே பைராக்ஸீன்ங்கற இன்னொரு கருப்புக் கனிமமா இருந்தா கிட்டத்தட்ட 90 டிகிரியா இருக்கும். பயோடைட்டான்னு, அதாவது கருப்பு மைக்காவான்னு, சந்தேகம் வந்தா பேனாக்கத்தி முனையால நெம்பிப் பாருங்க, பயோடைட் ஏடு ஏடா உரிஞ்சு வரும், ஹார்ன்பிளெண்ட் உரியாது.

சில எடத்துல கருப்பைச் சுத்தி செவப்பா கார்னெட் கனிமம் இருக்கும், சில எடத்துல கருப்பே மொத்தப் பாறையா ஆம்பிபோலைட்டா பட்டை பட்டையா ஓடும், குரோமைட்ங்கற குரோமியத் தாது இருக்கற பட்டையிலயும் ஆம்பிபோல் உண்டு. 1956லயே நிலவியல் ஆராய்ச்சியாளர் ஏ. பி. சுப்ரமணியம் இந்தப் பாறைத் தொகுதிய விரிவா ஆராய்ஞ்சு எழுதியிருக்கார், அப்ப இது சேலம் மாவட்டம்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். ஹார்ன்பிளெண்ட் உண்டாகணும்னா தண்ணி வேணும், படிகத்தோட கட்டமைப்புலயே ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து உக்காந்திருக்கும், எடையில சுமார் 2 சதவீதம் தண்ணின்னு கணக்கு வரும். நிலா வறண்ட எடம், அங்க இருந்து கொண்டுவந்த கல்லுல ஆம்பிபோல் கிட்டத்தட்ட இல்லவே இல்ல. அதனால சித்தம்பூண்டிக் கல்லோட வெள்ளைதான் நிலாவுக்கு ஒறவுக்காரன் மாதிரி, கருப்பு சுத்தமா பூமியோடது. சுமார் 250 கோடி வருஷத்துக்கு முன்னாடி பூமிக்கு அடியில உருகின குழம்புல தண்ணி நெறைய இருந்திருக்கு, கடல் தரை உள்ள போய்ச் செருகற மாதிரியான ஒரு எடத்துல இது உருவாகியிருக்கும்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றதுக்கு இந்த ஹார்ன்பிளெண்டும் ஒரு சாட்சி. நிலாக் கல்லுன்னு மட்டும் சொல்லி நிறுத்திட்டா இந்தக் கதை முழுசும் போயிடுதுங்க, அதுதான் என் ஆதங்கம்.

நீங்க எங்க பார்த்தீங்க? குவாரி, கெணறு, ஆறு எதுவா இருந்தாலும் எழுதுங்க.

செங்கோடு ரிக்:

அண்ணா வணக்கமுங்க, நாங்க திருச்செங்கோடு, வீட்டுல போர் போடற ரிக் வண்டி இருக்குதுங்க, நான் சின்னதுல இருந்தே வண்டியோட போயிருக்கேன். பேரெல்லாம் எங்களுக்குத் தெரியாதுங்க, எங்களுக்கு மேல பறந்து வர்ற தூளுதான் கணக்கு. உங்க பக்கம் ஓட்டும்போது முதல்ல செம்மண்ணு, அப்புறம் இத்துப்போன கல்லு, அதுக்குக் கீழ வெள்ளைத் தூளு வந்துட்டே இருக்கும், திடீர்னு கரும்பச்சையா மாறும், கையில வாங்கிப் பார்த்தா பொடிப்பொடியா மினுக்கும். வெங்கச்சாங்கல்லு வந்தா துளை போடற பிட்டோட பட்டனைத் தேய்ச்சுப்புடும், இது அவ்வளவா தேய்க்காது ஆனா எறங்கவே எறங்காது, டீசல் மட்டும் போயிட்டே இருக்கும், தோட்டத்துக்காரர் மொகத்தைப் பார்க்கவே நமக்குக் கஷ்டமா இருக்கும். ஒரு தோட்டத்துல கருப்பும் வெள்ளையும் மாறற எடத்துலதான் தண்ணி தட்டுச்சு, அந்தப் பாட்டி ஈரத் தூளை அள்ளி நெத்தியில வச்சுக்கிட்டாங்க, இன்னும் மறக்கலைங்க. இப்ப நீங்க கல்லுக்குள்ளயே தண்ணி இருக்குதுன்னு சொல்றீங்களே, அதுக்கும் போருக்கும் சம்பந்தம் இருக்குதுங்களாண்ணா?

பரமத்தி கல்லுக்காரன்:

சம்பந்தம் இல்ல தம்பி. படிகத்துக்குள்ள இருக்கறது கட்டிப்போட்ட தண்ணி, பல நூறு டிகிரிக்குச் சூடு பண்ணினாதான் பிரியும். உங்க போர்ல வந்தது பாறை வெடிப்புல நிக்கற மழைத்தண்ணி. ரெண்டு வேற வேற கல்லு ஒட்டற எடத்துல வெடிப்பு இருக்க வாய்ப்பு ஜாஸ்தி, ஆனா எல்லா எடத்துலயும் அப்படி அமையாது, அதை நம்பி யாருக்கும் போர் பாயிண்ட் குறிச்சுக் குடுத்துடாதீங்க. மேல வர்ற செம்மண்ணுக்கு மட்டும் இதுவும் ஒரு காரணம், ஹார்ன்பிளெண்டுல இரும்பு இருக்கு, இத்துப்போனா அது துருவாகி மண்ணைச் செவப்பாக்கும்.

தெற்குத்தீவு:

நான் நியூசிலாந்துல இருக்கேன், இங்க ஆம்பிபோல்னா அது பச்சைக் கல்லு, பௌனமு. நெஃப்ரைட்னு சொல்ற வகை, ட்ரெமோலைட், ஆக்டினோலைட்ங்கற ரெண்டு ஆம்பிபோல் நாருங்க ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னிக்கிட்டு உண்டானது. அந்தப் பின்னலாலதான் அடிச்சாலும் லேசுல உடையாது, உலோகம் இல்லாத காலத்துல இந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் இதுல வாச்சியும் உளியும் சண்டை ஆயுதமும் பண்ணியிருக்காங்க, எல்லாம் மணல்கல்லுல தண்ணி விட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சே.

ஹோகிடிகா கடற்கரைக்குப் போனப்ப பெரிய அலை அடிச்சு ஓஞ்சிருந்தது, கூழாங்கல்லு எல்லாம் ஈரமா கிடக்க எல்லாமே பச்சையா தெரிஞ்சுது. அங்க இருந்த ஒரு வயசான மாவோரி அம்மா, காய விட்டுப் பாரு, அப்புறம் வெளிச்சத்துக்கு எதிரா பிடின்னாங்க. அப்படிப் பிடிச்சதுல ஒரே ஒரு சின்னக் கல்லு மட்டும் ஓரத்துல வெளிச்சத்தை உள்ள விட்டுச்சு. கத்தியால கீறிப் பார்த்தோம், கோடு விழல. செர்பென்டைன்ங்கற கொஞ்சம் மெதுவான பச்சைக் கல்லா இருந்தா விழுந்திருக்கும்.

இது தெற்கு ஆல்ப்ஸ் மலையில செர்பென்டைன் பாறையும் வேற பாறையும் உரசற எடத்துல உண்டாகி, அரஹுரா மாதிரி ஆறுங்க வழியா உருண்டு கடலுக்கு வருது. 1997ல சட்டம் போட்டு பௌனமுவை நாய் தாஹுங்கற மாவோரி இனத்து மக்கள்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டாங்க. மேற்குக் கரை கடற்கரைங்கள்ல கையில தூக்கிட்டுப் போற அளவு எடுக்க அவங்க அனுமதி குடுத்திருக்காங்க, அரஹுரா ஆத்துல எடுக்கக்கூடாது. வர்றவங்க தயவுசெஞ்சு அதை மதிச்சு நடங்க. பரமத்தி சார், நம்ம ஊர்ப் பக்கம் செர்பென்டைன் ஓரத்துல இந்த மாதிரி பச்சை நார்க்கல்லு எங்கயாவது பார்த்திருக்கீங்களா?