10 ஹேர்ட்ஸ் பீட்டுக்கு ஒரு கொம்பரேட்டர் போதாதா?

கல்லடிப்_பொடியன்:
இரண்டு 10 மெகாஹேர்ட்ஸ் ஒசிலேட்டர்களை ஒப்பிட இரட்டை மிக்சர் கட்டுகிறேன்; ஒவ்வொன்றையும் பொதுவான மூன்றாவது ஒசிலேட்டரோடு கலந்து வித்தியாச அதிர்வெண்ணை (பீட்) எடுக்கும் சுற்று. வெளியே வருவது 10 ஹேர்ட்ஸ் சைன் அலை, உச்சம் 1 வோல்ட். அதைச் சதுர அலையாக்கிக் கவுண்டருக்குக் கொடுக்க வேகமான கொம்பரேட்டர் (வோல்ட் ஒரு வாசலைக் கடந்ததும் வெளியீட்டை மாற்றும் சிப்) ஒன்றே போதும் என்பது என் கட்சி. கூட்டாளி அடுக்கு லிமிட்டர் (அலையைப் படிப்படியாகப் பெருக்கி உச்சியை வெட்டும் சுற்று) வேண்டும் என்று நிற்கிறான்.

சம்மாந்துறைக்_காக்கா:
கூட்டாளி சொல்வதுதான் சரி தம்பி. ஜிட்டர் (விளிம்பு வரும் நேரத்தின் ஆட்டம்) என்பது இரைச்சல் வோல்ட்டை, அலை பூச்சியத்தைக் கடக்கும் இடத்துச் சரிவால் வகுத்தது. உங்கள் சரிவு செக்கனுக்கு வெறும் 63 வோல்ட். 10 மெகாஹேர்ட்ஸ் அதிர்வெண் அகலமுள்ள (பாண்ட்வித்) கொம்பரேட்டர், ஹேர்ட்ஸின் வர்க்கமூலத்துக்கு 20 நனோவோல்ட் இரைச்சல் என்று வையுங்கள்; மொத்தம் 63 மைக்கிரோவோல்ட், ஆக 1 மைக்கிரோசெக்கன் ஜிட்டர். சிப் வேகமாக வேகமாக, தேவையில்லாத இரைச்சலையும் உள்ளே விடும்.
முதலில் 5532 என்ற இரைச்சல் குறைந்த ஒப்ஆம்ப் (பெருக்கிச் சிப்) போட்டு அகலத்தை 1 கிலோஹேர்ட்ஸில் கட்டுங்கள். 3 நனோசெக்கனுக்கு வரும். தடையிகளின் இரைச்சலும் தாழ் அதிர்வெண் இரைச்சலும் சேர்ந்து அதை மூன்று மடங்காக்கினாலும் எங்கேயோ போய்விட்டீர்கள். அப்புறம் சரிவு ஏற ஏற, அடுத்தடுத்த அடுக்கில் அகலத்தையும் ஏற்றிக்கொண்டு போவது. 1996இல் ஒலிவர் கொலின்ஸ் ஐஈஈஈ என்ற பொறியியலாளர் சங்கத்தின் இதழில் கணக்கோடு எழுதிய வழி இது. ஒப்ஆம்ப் முட்டி நிற்காமல் இருக்க, பின்னூட்டத்தில் எதிரெதிராக இரண்டு டயோட் போட மறக்க வேண்டாம்.

கல்லடிப்_பொடியன்:
கணக்குச் சரி காக்கா. ஆனால் மிக்சர் நேரத்தை 10 இலட்சம் மடங்கு பெருக்கித் தருகிறது. பீட்டில் 1 மைக்கிரோசெக்கன் என்றால் 10 மெகாஹேர்ட்ஸில் 1 பிக்கோசெக்கன்தானே? என்னிடம் இருப்பது பழைய ருபிடியம் அணு ஒசிலேட்டர். அது 1 செக்கனில் 10 பிக்கோசெக்கன் அளவுக்கு ஆடும். பிறகேன் இவ்வளவு அடுக்கு?

சம்மாந்துறைக்_காக்கா:
நாளைக்கு நல்ல ஓவன் கிறிஸ்டல் (சூடு மாறாமல் வைத்த குவார்ட்ஸ் ஒசிலேட்டர்; குறுகிய நேரத்தில் ருபிடியத்தைவிட ஆட்டம் குறைவு) கிடைத்தால்? அதோடு, இவ்வளவு மெதுவான அலையில் கொம்பரேட்டர் ஒரு கடப்புக்குப் பல விளிம்பு துப்பும். ஹிஸ்டரிசிஸ் (ஏறும் வாசலையும் இறங்கும் வாசலையும் விலக்கி வைப்பது) போடுவேன் என்பீர்கள். வாசல் 5 மில்லிவோல்ட் தள்ளினால் விளிம்பு 80 மைக்கிரோசெக்கன் பிந்தும். உச்சம் 1% குறைந்தால் அது இன்னும் 0.8 மைக்கிரோசெக்கன் நகரும்.

அக்கரைப்பற்று_ரேடியோ:
காக்கா, உங்கள் வடிகட்டி மட்டும் நகராதா? 1 கிலோஹேர்ட்ஸ் ஆர்சி (தடையி-கொண்டென்சர்) வடிகட்டி என்றால் தாமதம் 159 மைக்கிரோசெக்கன். எக்ஸ்7ஆர் வகை (வெப்பத்தோடு மாறும் செராமிக்) கொண்டென்சர் 1% மாறினாலே 1.6 மைக்கிரோசெக்கன் போச்சு. சூடான கச்சான் காற்று அடிக்கிற மத்தியானத்தில் கல்லடி அறைக்குள் 1% எல்லாம் சும்மா மாறும். 3 நனோசெக்கன் என்று பெருமை பேசி என்ன பயன்?

சம்மாந்துறைக்_காக்கா:
எக்ஸ்7ஆர் யார் போடச் சொன்னது? வெப்பத்துக்கு அதிகம் மாறாத சீ0ஜீ வகை போடுங்கள். வெப்பநிலை ஒரு பாகை மாறினால், மிஞ்சிப் போனால் 5 நனோசெக்கன். இரண்டு சனலும் (ஒசிலேட்டருக்கு ஒன்று) ஒரே போர்டில், ஒரே மூடிக்குள் இருந்தால் அதிலும் பெரும்பகுதி கழிந்துவிடும்.

அக்கரைப்பற்று_ரேடியோ:
1 கிலோஹேர்ட்ஸுக்குப் பொருந்தும் சீ0ஜீயை இங்கே எந்தக் கடையில் வாங்குவது? கொழும்புக்குத்தான் ஓட வேண்டும்.

கல்லடிப்_பொடியன்:
சரி, ஒரே ஒசிலேட்டரைப் பிரித்து இரண்டு சனலுக்கும் கொடுத்து அளக்கிறேன். மிஞ்சுவது போர்டின் சொந்த ஆட்டம். முதலில் கொம்பரேட்டர், பிறகு அடுக்கு. 2 பிக்கோசெக்கனுக்குள் நின்றால் கொம்பரேட்டரை நான் கழற்ற மாட்டேன், சொல்லிவிட்டேன்.

சம்மாந்துறைக்_காக்கா:
அளந்துவிட்டு ஹிஸ்டரிசிஸ் எவ்வளவு வைத்தீர்கள் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.