எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மருந்துகள் தொடங்கிய பிறகு காய்ச்சல் திரும்பிவிட்டது, மருத்துவம் தெரிந்தவர்கள் வழிகாட்டுங்கள்

என் தம்பிக்கு எச்.ஐ.வி. முற்றிய நிலையில்தான் தெரிந்தது. வயது 34, நோய் எதிர்ப்பு அணுக்களான சிடி4 எண்ணிக்கை வெறும் 42. கழுத்து நெறிகட்டியில் காசநோய். அதற்கான மாத்திரைகளில் காய்ச்சல் நின்று, நன்றாகச் சாப்பிட ஆரம்பித்தான். இரண்டு வாரத்தில் ஏ.ஆர்.டி. சேர்த்தார்கள். அது தொடங்கிய மூன்றாவது வாரத்தில் மறுபடி காய்ச்சல், கட்டி முன்பைவிடப் பெரிதாகி வலிக்கிறது.

காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் எடுப்பதால், ஏ.ஆர்.டி.யில் உள்ள டோலுடெக்ராவிர் 50 மி.கி. காலையும் இரவும் தருகிறோம், ஒரு வேளைகூடத் தவறவில்லை. மற்ற தொற்றுகள் வராமலிருக்கக் கோட்ரைமாக்சசோலும் உண்டு. கட்டியிலிருந்து எடுத்த நீரில் காசநோய்க் கிருமிக்கான ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனை பார்த்தாயிற்று, ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை. இரத்தத்தில் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையின் ஆன்டிஜனும் இல்லை. தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல், தோலில் திட்டுகள் எதுவும் கிடையாது. பாராசிட்டமால், இபுப்ரோஃபென் கொடுத்தால் சில மணி நேரம்தான் தாங்குகிறது.

நோய் எதிர்ப்புச் சக்தி மீளும்போது வரும் ஐரிஸ் அழற்சி இது என்கிறார் மருத்துவர். ஏ.ஆர்.டி.யை நிறுத்தக் கூடாது என்பதிலும் உறுதியாக இருக்கிறார், அதில் எங்களுக்கும் சந்தேகமில்லை. ஆனால் அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டான ப்ரெட்னிசோலோன் தொடங்கத் தயங்குகிறார். தம்பி நாளுக்கு நாள் இளைக்கிறான், பார்க்க முடியவில்லை.

இப்படிப்பட்ட நோயாளிகளைக் கவனித்தவர்கள் சொல்லுங்கள்: ப்ரெட்னிசோலோன் தொடங்கும் முன் வேறு எந்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்ய வேண்டும்?