வாடைக்கு முகம் கொடுத்த ஒரு ஞாயிறு

கல்லடியிலிருந்து:

தைப்பொங்கல் கழிந்து மூன்றாவது ஞாயிறு. மாரி ஓய்ந்துவிட்டது என்று நம்பித்தான் நாள் குறித்தோம். காலை 5.45க்கு மட்டக்களப்புக் கல்லடிப் பழைய இரும்புப் பாலத்தடியில் சைக்கிள்களோடு 14 பேர் கூடியபோது வாவி கறுத்துக் கிடந்தது. தென்னைகள் ஓலைகளை ஒரே பக்கம் விரித்துக்கொண்டு நின்றன. போவதா, விடுவதா என்று ஐந்து நிமிடம் யோசித்தோம். "தூறல்தான், பொழுது ஏறினால் விட்டுவிடும்" என்றார் எங்களில் மூத்தவர். புறப்பட்டோம்.

காத்தான்குடி, ஆரையம்பதி கடந்து மண்முனைப் பாலத்தால் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போவது, கொக்கட்டிச்சோலையில் தேநீர், அம்பிளாந்துறையில் பாதை ஏறிக் குருக்கள்மடத்தில் இறங்குவது, பிறகு பிரதான வீதியால் வீடு. இதுதான் திட்டம். (வெளியூர் ஆட்களுக்காக: பாதை என்று நாங்கள் சொல்வது ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையை. மண்முனையிலும் 2014இல் பாலம் திறக்கும்வரை அப்படித்தான் கடந்தோம்.)

போகும்போது வாடை முதுகுப் பக்கம். நனைந்தோமே தவிரக் களைக்கவில்லை. புதிதாகச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் முன்னால் பறந்தார்கள். அந்த வேகத்தில் பாதி காற்றுடையது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நான்தான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

கொக்கட்டிச்சோலையில் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டு, இஞ்சி போட்ட வெறுந்தேநீர் குடித்துவிட்டுத் தெற்கே திரும்பினோம். பெரும்போக வேளாண்மை வெட்டும் காலம். வீதியின் இருபுறமும் விளைந்த கதிர் மழைபட்டுச் சாய்ந்து, சில இடங்களில் தண்ணீருக்குள்ளேயே கிடந்தது. வெட்டும் மெஷின் ஒன்று வரம்போரம் தறப்பாளால் மூடப்பட்டு நின்றது. அதற்குப் பக்கத்தில் உரப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரு பெரியவர் நின்றிருந்தார். எங்களைக் கைகாட்டி நிறுத்தினார். ஏதோ உதவி கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"தம்பி, கடல் பக்கமிருந்துதானே வருகிறீர்கள்? அங்கே வானம் வெளித்திருந்ததா?"

நான் பார்க்கவில்லை. 14 பேரில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருந்துகொண்டு, மழையில் சைக்கிள் ஓட்டக் கிளம்பியவர்கள் நாங்கள். கடல் பக்கம் ஒருதரம் தலையைத் திருப்பவில்லை. "கவனிக்கவில்லை, ஐயா" என்றேன். அவர் கோபிக்கவில்லை. "சரி, பார்த்துப் போங்கள்" என்று சொல்லிவிட்டு மறுபடி வயல் வட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டார். மிச்ச வழி முழுவதும் அந்தக் கேள்விதான் என்னோடு வந்தது.

அம்பிளாந்துறையில் பாதை கட்டிக் கிடந்தது. வாவியில் அலை வெள்ளை நுரை தள்ளும்போது அதை எடுக்க மாட்டார்கள். எடுக்கவும் கூடாது. எங்களுக்கு அது பழுகாமம் வழியாகப் பட்டிருப்புப் பாலம் போய்ச் சுற்றவேண்டிய கூடுதல் தூரம், அவ்வளவுதான். துறையடியில் காய்ச்சலில் சுருண்ட பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தாய் இருந்தார். அக்கரையில் ஏறினால் பஸ் உண்டு, களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று வந்தவர். எங்களில் ஒருவர் தெரிந்த ஓட்டோக்காரரைத் தொலைபேசியில் பிடித்தார். அது வரும்வரை அரைமணி நேரம் நின்றோம். புறப்படும் அவசரத்தில் இருந்த இளைஞர்கள் இரண்டு பேரும்தான் தங்கள் மழையங்கியைக் கழற்றித் தாய்க்கும் பிள்ளைக்கும் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பட்டிருப்புப் பாலத்தில் ஏறியதும் காற்றின் முழு முகம் தெரிந்தது. களுவாஞ்சிக்குடியிலிருந்து வடக்கே திரும்பிய பிறகு அது வலது முன்பக்கத்திலிருந்து விடாமல் அடித்தது. கணக்காகச் சொன்னால்: நாம் 20 கிலோமீட்டர் வேகத்தில் போக, நேரே எதிரில் 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால், நெஞ்சில் மோதுவது 40 கிலோமீட்டர் காற்று. தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது. ஆளுக்கு இரண்டு நிமிடம் முன்னால் நின்று காற்றைத் தாங்குவது, பிறகு விலகிக் கடைசிக்குப் போவது என்று முறை வைத்தோம். இடது பக்கம் சாய்வாக அணிவகுத்தால் எல்லோருக்கும் மறைப்புக் கிடைக்கும். ஆனால் அதற்கு முன்னால் போகிறவர் நடுவீதியில் ஓட வேண்டும். இந்த வீதியில் அதை நான் ஒருநாளும் அனுமதிக்க மாட்டேன்.

இன்னொன்றையும் எல்லோரும் மனதில் பதிக்க வேண்டும். வலதுபக்கக் காற்றுக்கு எதிராக நாம் வலதுபக்கம் சாய்ந்தே ஓட்டுகிறோம். பெரிய பஸ் ஒன்று முந்தும்போது அது காற்றை மறைத்துவிடுகிறது. தாங்கிப் பிடித்த காற்று திடீரென்று இல்லாமல் போனதும் சைக்கிள் பஸ்ஸின் பக்கமே இழுபடுகிறது. பஸ் கடந்ததும் காற்று திரும்ப வந்து மறுபக்கம் தள்ளுகிறது. களுதாவளையில் எனக்கு இது நடந்தது. கை அகலத்தில் தப்பினேன். பின்னால் பஸ் சத்தம் கேட்டவுடன் வேகத்தைக் குறையுங்கள், ஹாண்டிலை இறுக்காமல் தாழப் பிடியுங்கள், உடம்பைத் தாழ்த்துங்கள்.

வழக்கமாக ஒன்றேகால் மணித்தியாலத்தில் முடிக்கும் தூரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் ஆனது. கல்லடியில் எல்லோரும் பிரிந்த பிறகு நான் வீட்டுக்குப் போகாமல் கடற்கரைக்குப் போனேன். கிழக்கே அடிவானத்தில் ஒரு முழ அகலத்துக்கு வெளித்திருந்தது. அந்தப் பெரியவரிடம் அதைச் சொல்ல எனக்கு வழியில்லை.

ஆரையம்பதியிலிருந்து:

அன்று கடைசி ஆளாக வந்தவன் நான். பின்னால் இருந்து பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

அம்பிளாந்துறைக்கு முன் ஒருவர் விழுந்தார். காரணம் மழையில்லை, களிமண். உழவு இயந்திரங்கள் வட்டையிலிருந்து ஏறும் இடங்களில் சில்லோடு வந்த களி வீதியில் படிந்து, தூறல் பட்டதும் எண்ணெய்போல ஆகிவிடுகிறது. அந்த இடத்தில் பிரேக் பிடிக்கவே கூடாது. முன்கூட்டியே வேகத்தை விட்டுவிட்டு நேராக உருண்டு போய்விட வேண்டும். முழங்கை தோல் உரிந்ததோடு போயிற்று. அவருடைய பழைய லுமாலா சைக்கிளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

றிம்மைப் பிடிக்கும் பிரேக் உள்ளவர்கள் மழையில் அடிக்கடி மெதுவாக அழுத்தித் தண்ணீரைத் துடைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படும் நேரத்தில் முதல் சுற்று துடைப்பதற்கே போய்விடும்.

களுதாவளைக்கு அப்பால் அணி இரண்டாக உடைந்ததையும் சொல்ல வேண்டும். முன்னால் இருந்தவர் வேகத்தைக் கூட்டினார். நடுவில் பத்து மீட்டர் இடைவெளி விழுந்தது. சாதாரண நாளில் பத்து மீட்டர் ஒன்றுமில்லை. எதிர்க்காற்றில் அதை ஒருவர் தனியாகப் பிடிக்கவே முடியாது. எங்கள் மூத்தவர் 61 வயதில் அப்படித் தனியாக அகப்பட்டார். நான் போய் முன்னால் நின்றேன், ஆனால் என்னாலும் இடைவெளியை அடைக்க முடியவில்லை. முன்னால் போனவர்கள் தேற்றாத்தீவில் நின்று காத்திருந்தார்கள், அதற்கு நன்றி. இனிமேல் களைத்தவரே வேகத்தைத் தீர்மானிக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

காரைதீவிலிருந்து:

நான் அன்று வரவில்லை; எங்கள் பக்கம் மழை அதைவிடக் கடுமை. சம்மாந்துறை ஊடாக அம்பாறைக்கு ஓடும் எங்கள் சுற்றில் மாவடிப்பள்ளி வருகிறது. வீதிக்கு மேல் தண்ணீர் ஓடினால், கணுக்கால் அளவு என்றாலும், அங்கேயே திரும்பிவிடுவோம். 2024 நவம்பரில் உழவு இயந்திரத்தில் வந்த மத்ரஸாப் பிள்ளைகளை வெள்ளம் கொண்டுபோன இடம் அது. அந்த இடத்தைக் கடக்கும்போது இன்றும் எங்கள் அணியில் யாரும் பேசுவதில்லை. அம்பிளாந்துறையில் பாதை எடுக்காதவர்கள் சரியாகத்தான் செய்தார்கள்.

மகிழடித்தீவிலிருந்து:

கல்லடி அண்ணாவுக்கு. நீங்கள் சொல்லும் வட்டையும் ஆளும் எனக்குத் தெரியும். என் பெரியப்பாவின் பக்கத்து வயல். ஞாயிறு இரவே காற்று அடங்கிவிட்டது. திங்கள் வெயில் எறித்தது. செவ்வாய் பின்னேரம் மெஷின் இறங்கியது. சாய்ந்து தண்ணீரில் கிடந்தது போக மற்றதை வெட்டிவிட்டார்கள். சாய்ந்ததை இப்போது கையால் அரிகிறார்கள். நீங்கள் கடற்கரைக்குப் போய்ப் பார்த்ததை நாளை அவரிடம் சொல்கிறேன்.