‘கைரோபிராக்டிக்’: கைவினையா, சீரமைப்பா, உந்துமுறையா?

அனைவருக்கும் வணக்கம்.

முதுகுவலியையும் அன்றாடப் பழக்கங்களையும் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்து வரும் நண்பர், முதுகெலும்பின் மூட்டுகளைக் கையால் உந்திச் செய்யும் மருத்துவ முறையான ‘கைரோபிராக்டிக்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தார். தண்டுவட மருத்துவம், கைவினை மருத்துவம், எலும்புச் சீரமைப்பு என்று இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. மூன்றையும் ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

முதலாவதை எளிதில் விலக்கிவிடலாம். தண்டுவடம் என்பது முதுகெலும்புத் தொடருக்குள் ஓடும் நரம்புக் கற்றை. இம்முறையில் கை படுவது அத்தொடரின் முள்ளெலும்புகளை ஒட்டிய மூட்டுகளின் மீதுதான்.

இரண்டாவது பரிந்துரை சொல்லுக்குச் சொல் நேரானது. கிரேக்கத்தில் ‘கெயிர்’ என்றால் கை; ‘பிராக்டிகோஸ்’ என்றால் செயல் சார்ந்தது; இரண்டையும் சேர்த்தால் தமிழில் கைவினை என்றே வரும். ஆயினும் கைவினைஞர் என்றதும் பாய் முடைபவரும் பானை வனைபவரும் நினைவுக்கு வருவார்களே தவிர, முதுகுவலிக்கு மருத்துவம் செய்பவர் வரமாட்டார். ‘சர்ஜரி’ என்ற சொல்லும் கிரேக்க மூலத்தில் ‘கைவேலை’ என்றே பொருள்படும் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். அதைப் பெயர்த்தபோது நாம் கையை விட்டுவிட்டு, அந்தக் கை செய்யும் செயலைப் பற்றிக்கொண்டு, ‘அறுவை’ என்றோம். அந்தச் சொல் இன்று எவருக்கும் விளக்கம் தேவைப்படாத அளவுக்கு நிலைத்துவிட்டது.

மூன்றாவது பரிந்துரையான ‘எலும்புச் சீரமைப்பு’ கேட்பதற்கு இயல்பாக இருப்பதாலேயே எனக்கு அதிகம் கவலை தருகிறது. 1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில் இம்முறையைத் தொடங்கிய டேனியல் டேவிட் பால்மர், இடம் பிசகிய முள்ளெலும்புகள் நரம்புகளை அழுத்துவதே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்று நம்பினார். அந்த நம்பிக்கைக்கு இன்றைய மருத்துவ ஆய்வுகளில் ஆதரவு இல்லை. கீழ்முதுகு வலிக்கு இச்சிகிச்சை ஓரளவு பயன் தரக்கூடும் என்பது வேறு செய்தி. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், புதிதாக வந்த கீழ்முதுகு வலிக்கு மருந்துகளுக்கு முன் முயலத்தக்கவையாக ஒத்தடம், உடல்பிடித்தல், ஊசிக்குத்தல் (அக்குபங்சர்) ஆகியவற்றோடு முள்ளெலும்பைக் கையால் உந்தும் சிகிச்சையையும் குறிப்பிடுகிறது. ‘சீரமைப்பு’ என்று எழுதினாலோ, எலும்பு விலகியிருந்தது, அதைத் தள்ளி நேராக்கினார்கள் என்ற முடிவு சொல்லுக்குள்ளேயே புகுந்துவிடும். மூட்டை உந்தும்போது கேட்கும் ஓசையும் எலும்பு இடத்தில் போய்ப் பொருந்தும் ஓசை அன்று. மூட்டு சட்டென விரியும்போது அதிலுள்ள நீர்மத்தில் வளிக்குழி உண்டாவதோடு தொடர்புடையது அது. விரலில் நெட்டி முறிக்கும்போது கேட்பதும் அதுவே என்பதால், அந்த ஓசைக்கு ‘நெட்டி’ என்ற வழக்குச் சொல்லையே வைத்துக்கொள்ளலாம். ‘டிஸ்க் விலகல்’ என்பதிலும் இதே சிக்கல் உண்டு: முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு எங்கும் விலகிப் போவதில்லை, பிதுங்குகிறது. ஆகவே ‘வட்டுப் பிதுக்கம்’ என்பதே சரி.

ஆகவே அறுவையைப் பின்பற்றிச் செயலிலிருந்தே பெயரைப் பெறலாம் என்று கருதுகிறேன். அந்தக் கை செய்வது, மூட்டை அதன் இயல்பான அசைவின் எல்லைவரை கொண்டுசென்று, குறைந்த தொலைவுக்கு விரைவாக உந்துவது. அச்செயலுக்கு ‘முள்ளெலும்பு உந்தல்’ என்றும், மருத்துவ முறைக்கு ‘உந்துமுறை மருத்துவம்’ என்றும், அதைச் செய்பவருக்கு ‘உந்துமுறை மருத்துவர்’ என்றும் முன்மொழிகிறேன். இயன்முறை மருத்துவர்களும் முள்ளெலும்பு உந்தலைச் செய்வதுண்டு என்பதால், செயலின் பெயரையும் முறையின் பெயரையும் பிரித்து வைப்பது பயன்படும்.

சொல்லை வாக்கியத்தில் இட்டுப் பார்ப்போம். “உந்துமுறை மருத்துவர் முள்ளெலும்பு உந்தலோடு நடைப்பயிற்சியையும் பரிந்துரைத்தார்.” “சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ முள்ளெலும்பு உந்தலை நாடாமல் உடனே அவசர மருத்துவம் பெற வேண்டும்.” இரண்டும் தடையின்றி ஓடுகின்றன.

மறுப்புகளை நானே சொல்லிவிடுகிறேன். பேருந்தும் மகிழுந்தும் ‘உந்து’ என்பதை வண்டிக்கு உரியதாக்கிவிட்டன. உந்துமுறை மருத்துவரை வண்டி பழுதுபார்ப்பவர் என்று கேலி செய்யச் சிலர் இருக்கத்தான் செய்வார்கள். மேலும், இம்மருத்துவர்கள் உந்துவது மட்டுமன்றி, உடற்பயிற்சியும் சொல்லித் தருகிறார்கள். ஆனால் அறுவை மருத்துவரும் நாள் முழுவதும் அறுத்துக்கொண்டே இருப்பதில்லை.

அதே கட்டுரையில் ‘போஸ்ச்சர்’ என்பதைத் ‘தோரணை’ என்று எழுதியிருப்பதையும் மாற்ற வேண்டும். தோரணை என்பது மிடுக்கைக் குறிப்பது. ‘உடல்நிலை’ என்றால் நலக்குறைவு நினைவுக்கு வரும். இதற்குத் தனிச்சொல் தேடாமல் ‘உட்காரும் விதம்’, ‘நிற்கும் விதம்’ என்று இடத்துக்கேற்ப எழுதிவிடலாம். எப்படி உட்கார்ந்தாலும் நெடுநேரம் அசையாமல் இருக்கக்கூடாது என்பதே அங்கே சொல்ல வந்த கருத்து என்பதால், வினைச்சொல்லே அதற்கு நன்றாகப் பொருந்துகிறது.

கட்டுரையின் முதல் இடத்தில் மட்டும் ‘கைரோபிராக்டிக் எனப்படும் உந்துமுறை மருத்துவம்’ என்று எழுதி, பிறகு தமிழ்ச்சொல்லை மட்டும் ஆளலாம். கழுத்துக்குச் செய்வதையும் ‘முள்ளெலும்பு உந்தல்’ என்றே சொல்வதா, அதன் இடர்கள் வேறானவை என்பதால் ‘கழுத்து உந்தல்’ என்று பிரித்துக் காட்டுவதா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் தெளிவில்லை. மருத்துவத் துறையினர் தங்கள் கருத்தைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.