குதிப்பு தாமதமாவது கேமின் குறையா, என் லேப்டாப்பின் குறையா?

வணக்கம் நண்பர்களே, ரங்கூனிலிருந்து எழுதுகிறேன். பழைய பாணி பிளாட்ஃபார்மர் (மேடை மேடையாகத் தாண்டிப் போகும்) கேம்களைத் தமிழில் விமர்சிக்கத் தொடங்கியிருக்கிறேன். செகண்ட் ஹேண்ட் லேப்டாப், அதில் லினக்ஸ் மின்ட் இயங்குதளம், கரண்ட் இருக்கும் நேரத்தில்தான் எல்லாம்.

முதலில் 2010இல் வந்த விவிவிவிவிவி (ஆமாம், ஆறு வி!) என்ற கேம். அதில் குதிக்கவே முடியாது, ஈர்ப்பு விசையைத் தலைகீழாக மாற்றி மேற்கூரையில் நடக்க வேண்டும். 320x240 படத்தை என் 1366x768 திரை 3.2 மடங்கு பெரிதாக்குவதால் சில புள்ளிகள் தடித்தும் சில மெலிந்தும் தெரிந்தன. செட்டிங்ஸில் முழு எண் மடங்குக்கு மாற்றியதும் மேலும் கீழும் 24 புள்ளிக்குக் கறுப்புப் பட்டை விழுந்தது, ஆனால் படம் பளிச்சென்று ஆகிவிட்டது. இந்த வசதி இல்லாத கேம்களுக்கு என்ன செய்கிறீர்கள்? கேமின் படத்தை வெளியிலிருந்து பெரிதாக்கிக் காட்டும் கேம்ஸ்கோப் மென்பொருள் பழைய இன்டெல் சிப்பில் ஓடுமா?

அப்புறம் பெரிய தலைவலி இதுதான். செலஸ்ட் என்ற கேமில் புளூடூத் கன்ட்ரோலரில் பட்டனை அழுத்தினால் அதன் நாயகி கொஞ்சம் யோசித்துவிட்டுக் குதிப்பது போல இருக்கிறது, கீபோர்டில் அப்படியில்லை. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்கே (திரையில் மாறும் ஒரு படத்துக்கே) 16.7 மில்லி விநாடி, இரண்டு மூன்று ஃபிரேம் போனாலே முள்ளில் விழுந்து சாக வேண்டியதுதான். போனில் விநாடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் விரலையும் திரையையும் சேர்த்துப் படம் பிடித்து எண்ணலாம் என்று நினைக்கிறேன், யாராவது செய்திருக்கிறீர்களா? தாமதத்தைக் குறைக்க விசிங்க்கை (கேமின் படத்தைத் திரையின் வேகத்தோடு ஒத்துப்போக வைக்கும் வசதியை) அணைத்தால் படம் குறுக்கே கிழிகிறது, அதுவும் பிடிக்கவில்லை.

தெரியாமல் கேமைத் திட்டி எழுதிவிடக் கூடாது, அதனால்தான் கேட்கிறேன். கன்ட்ரோலரை இணைக்கக் கேபிள் வாங்குவதுதான் ஒரே வழி என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், வாங்கிவிடுகிறேன்.